புரொப்பெலர் சாப்ட் டேப்பரை (முனையில விட்டம் படிப்படியாக் குறையுற கூம்புப் பகுதி) எங்கேயிருந்து எங்கே அளப்பது? ஒவ்வொரு முறையும் வேற அளவு வருது

திருக்கடலூர்_போட் எழுதியது:

36 அடி பலநாள் போட், உள் எஞ்சின். 45 மி.மீ துருப்பிடிக்காத உருக்குச் சாப்ட், மூன்று இதழ் வெண்கலப் புரொப்பெலர், ஹப் (இதழ்கள் சேருற நடுக் குடம்) நீளம் 95 மி.மீ. வாடைக் காற்று தொடங்கினதால போட் இப்ப திருகோணமலைக் கொட்பேயில கரையில நிக்குது. பழைய சாப்ட் றப்பர் புஷ் ஓடுற இடத்தில தேய்ஞ்சுபோச்சு. அதைக் கொடுத்து அதே மாதிரிப் புதுசு ஒன்று லேத்தில கடைஞ்சு எடுத்தாச்சு. வரைபடம் எதுவும் இல்லை, பழையதைப் பார்த்து அளந்ததுதான்.

பிரச்சினை இதுதான். பழைய சாப்டில ஹப், சாப்ட் டேப்பரின் மெல்லிய முனையைத் தாண்டி 4 மி.மீ வெளியில நிக்கும். புதியதில 1 மி.மீ தான் நிக்குது, அதாவது புரொப்பெலர் 3 மி.மீ உள்ள போகுது. எங்க முட்டுது என்று சாப்டில மை தடவிப் பார்த்தால் தடிச்ச பக்கத்தில மட்டும் ஒரு வளையமா ஒட்டுது.

பழைய சாப்டைத் திரும்ப அளந்தன். தடிச்ச முனை விட்டம் 44.6. மெல்லிய முனை ஒருக்கா 36.5, ஒருக்கா 36.9. டேப்பர் நீளம் 97.8, 98.4, 99.1 என்று மூன்று விதமா வருது. வேர்ணியர் 0.02 வகை, பூச்சியம் சரியாத்தான் நிக்குது. இந்த அளவுகளை வைச்சுக் கணக்குப் போட்டால் 1:12 என்றும் சொல்லலாம், 1:12.8 என்றும் சொல்லலாம். லேத்காரர் 1:10 ஆகவும் இருக்கலாம் என்கிறார்.

கேள்வி: டேப்பர் நீளத்தை எந்தப் புள்ளியில தொடங்கி எந்தப் புள்ளியில முடிக்கிறது? எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம்? புதுச் சாப்டைக் காப்பாத்த வழி இருக்கா?

---

சீனக்குடா_லேத் எழுதியது:

தம்பி, வேர்ணியரில பிழை இல்லை. நீங்க அளக்க எடுத்த ரெண்டு முனையும் அளக்கக்கூடிய முனைகளே இல்லை.

மெல்லிய முனையில விளிம்பு மழுக்கி இருக்கும். அது 0.5 மி.மீ மழுக்கலா 2 மி.மீ மழுக்கலா என்பது கடைஞ்சவரின் கையைப் பொறுத்தது. அதுக்கு மேல பல வருசம் ஹப்பைக் கழற்றிப் பூட்டினதில உருண்டும் போயிருக்கும். அந்த உருண்டையில வேர்ணியர் தாடை எந்த இடத்தில விழுதோ அந்த விட்டம்தான் உங்களுக்கு 36.5 ஆகவும் 36.9 ஆகவும் தெரியுது. தடிச்ச முனை இதைவிட மோசம். டேப்பர் நேர்ச் சாப்டோட சேருற கோடு கண்ணுக்குத் தெரியுமே தவிர அங்க படி எதுவும் இல்லை. தாடை பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில 1 மி.மீ தள்ளி வைச்சாலும் உங்களுக்குத் தெரியாது. அதோட ஹப் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில பழைய சாப்டில ஒரு வரம்பு எழும்பி நிக்கும், கை நகத்தால தடவினால் தட்டுப்படும். அதுக்கு மேல வைச்சு அளந்தால் அது வேற விட்டம்.

டேப்பரில நீளமும் விட்டமும் ஒன்றையொன்று இழுக்கும். 1:12 என்றால் 12 மி.மீ நீளத்துக்கு 1 மி.மீ விட்டம் குறையும். திருப்பிச் சொன்னால், விட்டத்தில 0.01 பிழை விட்டால் நீளத்தில 0.12 பிழை. நீங்க மெல்லிய முனையில விட்ட 0.4 வித்தியாசம் நீளத்தில 4.8 மி.மீ. அதனாலதான் கணக்கு 12 க்கும் 13 க்கும் நடுவில ஆடுது.

ஆகவே "டேப்பர் நீளம்" என்ற ஒன்றை அளக்கிறதை விடுங்க. முதலில ஒரு விட்டத்தை நிலையாப் பிடியுங்க. அந்த விட்டம் சாப்டில எந்த இடத்தில விழுது என்பதை அளவுங்க. அதுக்கு றிங் வேணும். ரெண்டு றிங் இருந்தால் டேப்பர் விகிதமே நேராக் கையில வரும்.

சிறு படகுகளில பொதுவாக் காண்கிறது மூன்று விகிதம். ஐஎஸ்ஓ 4566 என்ற சர்வதேச நியமம் சொல்லுறது 1:10. அமெரிக்க நியமம் எஸ்ஏஇ ஜே755 சொல்லுறது 1:16, அதாவது அடிக்கு முக்கால் அங்குலம். பழைய பிரித்தானிய வழக்கு 1:12, அடிக்கு ஒரு அங்குலம். உங்கட அளவுகளைப் பார்க்க 1:12 மாதிரித்தான் தெரியுது, 1:10 ஆக இருக்க வழியில்லை. 98 மி.மீ நீளத்தில 1:10 என்றால் விட்டம் 9.8 குறைஞ்சிருக்க வேணும், உங்களுக்குக் குறைஞ்சது 8 கூட இல்லை அல்லது 8 ஐ ஒட்டித்தான். ஆனாலும் "மாதிரித்தான் தெரியுது" என்றதை நம்பி உலோகத்தில கத்தி வைக்கக் கூடாது. அளந்து பாருங்க.

---

கிண்ணியா_மெக்கானிக் எழுதியது:

சீனக்குடா அண்ணன் சொன்ன றிங்கை எப்படிச் செய்து எப்படிப் பாவிக்கிறது என்று நான் சொல்றன்.

மெல்லுருக்கு (மைல்ட் ஸ்டீல்) போதும், கடினப்படுத்தத் தேவையில்லை. வெளி விட்டம் ரெண்டுக்கும் 70 மி.மீ, தடிப்பு ரெண்டுக்கும் 15 மி.மீ. உள் துளை ஒன்றுக்கு 42, மற்றதுக்கு 38. துளை நேர்த் துளை, டேப்பர் வேண்டாம். 42.00 ஆகவே வரவேணும் என்று கிடந்து பாடுபடத் தேவையில்லை. 42.03 வந்தாலும் 37.98 வந்தாலும் பரவாயில்லை, வந்த அளவு என்ன என்று 0.01 க்குள்ள தெரிஞ்சால் சரி. துளையையும் ஒரு பக்க முகத்தையும் லேத்தில ஒரே பிடியில, சக்கில இருந்து கழற்றாமல் முடிக்க வேணும். அப்பத்தான் துளைக்கு முகம் செங்குத்தா நிக்கும். அந்த முகத்தில ஒரு புள்ளி குத்தி அடையாளம் வையுங்க. சாப்டில போடக்க அந்தப் புள்ளி எப்பவும் கப்ளிங் பக்கம் (எஞ்சின் பக்கம்) பார்க்க வேணும், ஏனென்றால் டேப்பரில முட்டுறது அந்த முகத்தின்ர உள் விளிம்புதான்.

அந்த விளிம்பை மழுக்கக் கூடாது. எண்ணெய்க்கல்லால பிசிரை மட்டும் மெதுவா எடுங்க. விளிம்பு 0.1 மழுங்கினால் றிங் உட்காருற இடமும் அந்த அளவுக்கு நகரும். ஒரே றிங்கைப் பழைய சாப்டுக்கும் புதுச் சாப்டுக்கும் போட்டு ஒப்பிட்டால் அந்தப் பிழை ரெண்டிலயும் ஒரே மாதிரி வந்து கழிஞ்சுபோகும். அதால ஒரு சாப்டுக்கு ஒரு றிங், மற்றதுக்கு வேற றிங் என்று மாத்தாதீங்க.

துளையை வேர்ணியரின்ர உள் தாடையால அளக்காதீங்க. அந்தத் தாடை நுனியில சின்னத் தட்டை இருக்கும். வளைஞ்ச சுவரில அது நடுவில முட்டாமல் ஓரத்தில முட்டி அளவைக் குறைச்சுக் காட்டும். டெலஸ்கோப்பிக் கேஜை உள்ள வைச்சுப் பூட்டி எடுத்து 25–50 மைக்றோமீற்றரால அளவுங்க. ரெண்டு திசையில அளந்து துளை உண்மையிலயே வட்டமா என்றும் பாருங்க. மூன்று தாடைச் சக்கில இறுக்கிப் பிடிச்சுக் கடைஞ்ச மெல்லிய றிங் கழற்றினதும் முக்கோணமா விரியும். 14 மி.மீ சுவர் இருந்தால் அந்தப் பயம் குறைவு. வெளி விட்டம் 70 சொன்னதுக்கு ஒரு காரணம் அது.

இனி அளக்கிற முறை. சாப்டை மண்ணெண்ணெய்யால துடைச்சு, துணியால காய வைச்சு, பழைய சாப்டின்ர வரம்பை நயமான அரத்தால சமப்படுத்திப் போடுங்க. முதல் 42 றிங்கை ஏத்துங்க. கையால திருப்பித் திருப்பி மெதுவாத் தள்ளி, போய் நிண்டதும் நிறுத்துங்க. சுத்தியல் தட்டக் கூடாது, தட்டினால் விளிம்பு டேப்பரில பல்லாக் கடிச்சு மேல ஏறும். பிறகு 38 றிங். இப்ப ரெண்டு றிங்கும் சாப்டில நிக்குது. வேர்ணியரின்ர வெளித் தாடையால 42 றிங்கின்ர கப்ளிங் பக்க முகத்தில இருந்து 38 றிங்கின்ர மரைப் பக்க முகம் வரை பிடியுங்க. அதில இருந்து 38 றிங்கின்ர தடிப்பு 15 ஐக் கழிச்சால், முட்டுற விளிம்புகளுக்கு இடையிலான தூரம். அதை ரெண்டு துளைகளின்ர வித்தியாசத்தால வகுத்தால் டேப்பர் விகிதம். துளைகள் சரியா 42 உம் 38 உம் என்றால் 1:10 க்குத் தூரம் 40, 1:12 க்கு 48, 1:16 க்கு 64. இந்த இடைவெளி அவ்வளவு பெரிசு, ஒன்றை மற்றதென்று நினைக்க வழியே இல்லை.

நாலு பக்கமும் 90 பாகைக்கு ஒரு தரம் பிடிச்சு அளவுங்க. நாலும் 0.05 க்குள்ள நிக்க வேணும். எதிரெதிர்ப் பக்கத்தில ஒன்று கூடி மற்றது குறைஞ்சால் றிங் சரிஞ்சு நிக்குது, கழற்றித் திரும்பப் போடுங்க. கீ வெட்டு (ஹப்பைச் சாப்டோட சேர்த்துச் சுத்த வைக்கிற கீ உட்காருற காடி) இருக்கிற இடத்தில பிசிர் நிண்டாலும் இதே மாதிரி வரும், கீ வெட்டின்ர ரெண்டு ஓரத்தையும் முதலே எண்ணெய்க்கல்லால தடவி விடுங்க.

---

நிலாவெளி_அளவை எழுதியது:

றிங் முறைதான் சரி. வேர்ணியர் பிடிக்கிறதைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் ரெண்டு விடயம் சேர்க்கிறேன், இவை விடுபட்டால் றிங் இருந்தும் அளவு ஆடும்.

ஆழம் பார்க்கிற கம்பியை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். வேர்ணியரின் வால் முகம் 3–4 மி.மீ அகலம்தான். அதைச் சாப்ட் முனையில வைத்து 130 மி.மீ நீளத்துக்குக் கம்பியை விட்டால் கைச் சிறு ஆட்டத்திலேயே சரியும். கேள்வி கேட்டவருக்கு 97.8 க்கும் 99.1 க்கும் இடையில் வந்த ஆட்டத்தில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். முனையிலிருந்து றிங் வரை தூரம் கட்டாயம் வேண்டும் என்றால் அகலமான அடி உள்ள ஆழமானியால் எடுங்கள்.

வெளித் தாடையால் பிடிக்கும்போது தாடையின் நுனியால் பிடிக்காமல் கோலுக்குக் கிட்டவாகப் பிடியுங்கள். அளக்கிற பொருள் அளவுக்கோலிலிருந்து தள்ளிப் போகப் போக, நகரும் தாடையின் சிறு சாய்வு பெரிய பிழையாகும். றிங்கின் சுவர் 14–16 மி.மீ இருப்பதால் தாடையை ஆழமாக இறக்கிப் பிடிக்க இடமிருக்கு. பெருவிரலால் நெருக்கவும் கூடாது. தாடை ரெண்டு முகத்திலும் தட்டையாக உட்கார்ந்து, வேர்ணியரைக் கொஞ்சம் ஆட்டினால் வழுக்குகிற அளவு அழுத்தம் போதும். தாடை சாய்ந்தால் அளவு எப்பவும் கூடத்தான் காட்டும், குறையாது. ஆகவே மெதுவாக ஆட்டி வருகிற மிகக் குறைந்த அளவை எடுங்கள். நல்ல 150 மி.மீ டிஜிற்றல் வேர்ணியர்கள் 0.01 வரை எழுத்தில் காட்டினாலும் அவற்றின் துல்லியம் ±0.02 தான். கடைசி இலக்கத்தைப் பார்த்துத் தலையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

டிஜிற்றல் பாவிக்கிறவர்கள் உப்புக் காற்றைக் கவனிக்க வேண்டும். துறைமுகத்தில் வைத்து அளக்கும்போது கோலில் ஈரமோ உப்புப் படிவோ இருந்தால் இலக்கம் பாயும். பற்றரி இறங்கினாலும் பாயும். அளக்க முதல் பூச்சியம், அளந்த பிறகும் பூச்சியம். ரெண்டாவது பூச்சியம் மாறியிருந்தால் நடுவில் எடுத்த அளவு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுங்கள்.

வெப்பம்: அளவுகளுக்கு உலகப் பொது வெப்பநிலை 20 பாகை. திருகோணமலையில் நிழலிலேயே 30 ஐத் தாண்டும். அது எல்லாப் பொருளையும் சேர்த்துச் சூடாக்கினால் பெரிய கேடு இல்லை. வெயிலில் கிடந்த சாப்டில், பட்டறை நிழலில் இருந்த றிங்கைப் போடும்போதுதான் கேடு. துருப்பிடிக்காத உருக்கு ஒரு பாகைக்கு மீற்றருக்கு 16 மைக்றோன் அளவில் விரியும். 42 மி.மீ விட்டத்துக்கு 20 பாகை வித்தியாசம் என்றால் 0.013 மி.மீ. கேட்கச் சின்னது. 1:12 டேப்பரில் அது றிங்கை 0.16 மி.மீ தள்ளி நிறுத்தும். ரெண்டு சாப்ட், ரெண்டு றிங், வேர்ணியர் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலமாவது ஒரே நிழலில் போட்டுவிட்டு அளவுங்கள். கையில் றிங்கைப் பிடித்தபடி பேசிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்று கேட்டிருந்தார். றிங் இடைத்தூரம் 48 இல் 0.1 பிழை என்றால் விகிதத்தில் 0.2 வீதம். அது 95 மி.மீ ஹப் முழுவதற்கும் விட்டத்தில் 0.016 மி.மீ. அந்த அளவை மை பார்த்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. கூம்பு முனை உள்ள எதை அளந்தாலும் இதே சட்டம்தான். இலக்குச் சுடும் விளையாட்டு உள்ள வெளிநாடுகளில் ரைஃபிள் ரவையைக் கையால் நிரப்புகிறவர்கள் ரவையின் மொத்த நீளத்தை முனை வரை அளந்து நிறுத்துவதில்லை. ஒரே பெட்டியில் வந்த குண்டுகளின் முனைகளே ஒன்றுக்கொன்று நீளம் மாறும். வேர்ணியர் தாடையில் துளையுள்ள ஒரு துண்டைப் பூட்டி, குண்டின் வளைவில் அந்தத் துளை விட்டம் எங்கே உட்காருகிறதோ அங்கேயிருந்து அடிவரை அளக்கிறார்கள். குழலுக்குள் போய் முட்டுவது முனை அல்ல, அந்த வளைவுதான். இங்கேயும் புரொப்பெலரைத் தாங்குவது சாப்டின் முனை அல்லவே.

---

திருக்கடலூர்_போட் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. றிங் ரெண்டும் கடைஞ்சு எடுத்தாச்சு. துளை 42.03, 37.98. வித்தியாசம் 4.05. தடிப்பு ரெண்டும் 15.00. எல்லாம் ஒரே நிழலில கிடந்த பிறகு அளந்தது:

பழைய சாப்ட், நாலு பக்கம்: 63.64, 63.62, 63.64, 63.62. நடு 63.63.
புதிய சாப்ட், நாலு பக்கம்: 61.40, 61.36, 61.38, 61.38. நடு 61.38.

15 ஐக் கழிச்சு 4.05 ஆல வகுத்தால் பழையது 1:12.01. புதியது 1:11.45. புரொப்பெலர் துளையையும் பார்க்க வேணும் என்று நினைக்கிறன், அதை எப்படி அளக்கிறது? 11.45 என்று ஒரு டேப்பர் எங்கேயிருந்து வந்தது என்றும் விளங்கேல்லை.

---

சீனக்குடா_லேத் எழுதியது:

இப்ப எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திட்டுது. 1:11.45 என்றால் அரைக் கோணம் (சாப்டின்ர நடு அச்சுக்கும் டேப்பர் சாய்வுக்கும் இடையில உள்ளது) சரியா 2½ பாகை. லேத்தில கொம்பவுண்ட் (கத்தியைச் சாய்வா ஓட்டுற மேல் தட்டு) வட்டத்தில உள்ள கோடுகளைப் பார்த்து 2½ இல வைச்சுக் கடைஞ்சிருக்கு. 1:12 க்கு வேண்டியது 2.386 பாகை. அந்த வட்டம் ஒரு பாகைக்கு ஒரு கோடு போட்டது. கண்ணால பார்த்துக் கால் பாகைக்குள்ள வைக்கலாம், அதுக்கு மேல அது காட்டாது. நயமான டேப்பருக்கு அந்தக் கோடுகளை நம்பவே கூடாது.

கோணத்தை டயல் கேஜால வையுங்க. நேரான, உருளையாக் கடைஞ்ச ஒரு தண்டை ரெண்டு சென்ரருக்கு நடுவில பிடிச்சு, டூல் போஸ்டில டயல் கேஜைப் பூட்டி, முள்ளைத் தண்டின்ர பக்கவாட்டில, சென்ரர் உயரத்தில முட்ட விடுங்க. முதலில கரியேஜை (கத்தியைச் சுமந்து நீளவாக்கில ஓடுற வண்டி) ஓட்டிப் பார்த்துத் தண்டு நேராத்தான் நிக்குது என்று உறுதி செய்யுங்க. பிறகு கரியேஜைப் பூட்டிவிட்டுக் கொம்பவுண்டை மட்டும் 60 மி.மீ நகர்த்துங்க. 1:12 என்றால் டயல் 2.50 மி.மீ ஓட வேணும். 1:10 க்கு 3.00, 1:16 க்கு 1.87. உங்கட புதுச் சாப்ட் கடைஞ்ச நிலையில அது 2.62 ஓடியிருக்கும். 0.12 வித்தியாசம் டயலில பன்னிரண்டு கோடு, கண்ணுக்குத் தப்பாது. கொம்பவுண்ட் திருகில உள்ள தளர்ச்சியை ஒரே திசையில சுத்தி எடுத்துவிட்டுத்தான் பூச்சியம் போட வேணும்.

வெட்டுற கத்தி நுனி சரியாச் சென்ரர் உயரத்தில நிக்க வேணும். மேலயோ கீழயோ நிண்டால் டேப்பர் நேர்க்கோடா வராமல் நடுவில குழிஞ்சு வரும். றிங் அளவு சரியாக் காட்டும், மை ரெண்டு முனையில மட்டும் ஒட்டும். அப்பிடி வந்தால் கோணத்தைத் திருப்பித் திருப்பி மாத்தாதீங்க, கத்தி உயரத்தைப் பாருங்க. சின்ன லேத்துகளில கொம்பவுண்ட் ஓட்டம் 100 மி.மீ க்குப் போதாது. ரெண்டு தரமா வெட்டினால் நடுவில படி விழும். டேப்பர் வெட்டுற இணைப்பு உள்ள லேத்தாத் தேடுங்க. டெயில்ஸ்டொக்கை (பின் சென்ரர் தாங்கி) பக்கவாட்டில தள்ளி வைச்சு வெட்டுறதை மறந்திடுங்க. அந்த முறையில சாப்ட் முழு நீளமும் கணக்கில வரும், 1.5 மீற்றர் சாப்டுக்கு 1:12 எடுக்க 62.5 மி.மீ தள்ள வேணும், சென்ரர் உட்காராது.

புரொப்பெலர் துளைக்கு றிங்குக்குப் பதிலா வட்டு. 42 உம் 38 உம் போல ரெண்டு வட்டு, நடுவில மரை போட்ட தண்டு கைபிடியா. துளையின்ர தடிச்ச பக்கத்தால ஒவ்வொன்றா இறக்கி, ஹப் முகத்தில இருந்து ஆழமானியால ஆழம் எடுங்க. முட்டுறது வட்டின்ர மெல்லிய பக்க விளிம்பு, அதால ரெண்டு வட்டும் ஒரே தடிப்பாச் செய்தால் மேல் முகத்தை அளந்தாலே போதும். ரெண்டு ஆழத்தின் வித்தியாசத்தை விட்ட வித்தியாசத்தால வகுக்கிறது அதே கணக்குத்தான். பழைய சாப்டில நல்லா இருந்த புரொப்பெலர் என்றபடியால் 12 தான் வரும். ஆனாலும் வெட்ட முதல் அளந்திடுங்க.

---

கிண்ணியா_மெக்கானிக் எழுதியது:

புதுச் சாப்டைக் காப்பாத்தலாம். என்ன விலை கொடுக்க வேணும் என்று முதலே தெரிஞ்சுகொள்ளுங்க.

11.45 சாப்ட் 12 துளையில போனால் தடிச்ச பக்கம் மட்டும் முட்டும், 95 மி.மீ தள்ளி மெல்லிய பக்கத்தில விட்டத்தில 0.38 மி.மீ இடைவெளி. உங்கட மை வளையம் அதுதான். இதை வால்வு தேய்க்கிற பேஸ்டைப் போட்டுத் தேய்ச்சு எடுக்கலாம் என்று யாராவது சொல்லுவாங்க. 0.38 ஐத் தேய்ச்சு எடுக்க முடியாது. தேய்ச்சால் வெண்கலம்தான் முதல் கரையும், புரொப்பெலர் துளை கெடும், சாப்டில ஹப் விளிம்பு பட்ட இடத்தில வரம்பு விழும். ஹப்பை 11.45 க்குத் துருவுறதும் அதே அளவு பிழை, நாளைக்கு வேற சாப்ட் போட்டால் அந்தப் புரொப்பெலர் எதுக்கும் பொருந்தாது.

சாப்டைத்தான் 1:12 க்குத் திரும்பக் கடைய வேணும். மெல்லிய பக்கத்தைத் தொடாமல் தடிச்ச பக்கத்தில 0.38 எடுபடும். அதனால ஹப் இன்னும் 4½ மி.மீ முன்னால போகும். ஏற்கெனவே போன 3 உடன் சேர்த்து ஏழரை. அப்ப ஹப்பின்ர பின் முகம் டேப்பர் முனைக்கு மூன்றரை மி.மீ உள்ள நிக்கும். அப்பிடி நிண்டால் நட் ஹப்பை அழுத்தாமல் சாப்டின்ர டேப்பர் முனையில போய் முட்டும். இறுகின மாதிரிக் கை சொல்லும், ஹப் இறுகியிராது. ஆகவே டேப்பரின் மெல்லிய முனையில 8 மி.மீ நீளத்தை மரை விட்டத்துக்கு இறக்கி, மரையையும் அந்த அளவு உள்ள நீட்ட வேணும். பிறகு ஹப் 4 மி.மீக்குக் கொஞ்சம் மேல வெளியில நிக்கும், பழையபடி. நட்டுக்குக் கீழ வாஷரை அடுக்கி இதைச் சமாளிக்க நினைக்க வேண்டாம்.

புரொப்பெலர் 7½ மி.மீ பிறாக்கட் (றப்பர் புஷ் இருக்கிற தாங்கி) பக்கம் கிட்டப் போறதால முன்னால இடம் இருக்கா என்று போட்டிலயே வைச்சுப் பாருங்க. றப்பர் புஷ்ஷுக்குத் தண்ணி போக இடைவெளி வேணும்.

அடுத்தது எல்லாரும் விடுற இடம்: கீ. தடிச்ச பக்கத்தில விட்டம் 0.38 குறைஞ்சால் கீ வெட்டின் ஆழம் அங்க 0.19 குறையும். வெட்டின் அடி பழைய இடத்திலேயே இருக்கு, மேற்பரப்புத்தான் இறங்கியிருக்கு. அதனால கீ 0.19 கூட எழும்பி நிண்டு ஹப் வெட்டின்ர கூரையில முட்டலாம். முட்டினால் ஹப் டேப்பரில உட்காராமல் கீயில உட்காரும். மை பார்க்கிறது கீ இல்லாமல்தானே, அதில இது தெரியாது. ஓட்டத்தில ஹப் அசைஞ்சு, கீ வெட்டு ஓரத்தில வெடிப்பு விழும்.

இதைக் கண்டுபிடிக்கிற வழி: கீ இல்லாமல் புரொப்பெலரைப் போட்டுக் கையால் அழுத்தி உட்கார வையுங்க. ஹப்பின்ர முன் முகத்தை ஒட்டிச் சாப்டில ஊசியால மெல்லிய கோடு கீறுங்க. கழற்றி, கீயைப் போட்டு, திரும்ப அதே அழுத்தத்தில ஏத்துங்க. ஹப் அதே கோட்டுக்கு வர வேணும். 1 மி.மீ பின்னால நிண்டாலும் கீ முட்டுது, கீயின்ர மேல் முகத்தை அரைச்சு இறக்குங்க. பக்கங்களைத் தொடாதீங்க, பக்கம் இறுக்கமாத்தான் இருக்க வேணும்.

---

நிலாவெளி_அளவை எழுதியது:

மை பார்க்கும் முறையைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். புறூசியன் புளூ என்ற நீல மையைச் சாப்டில் மட்டும், விரலால் தேய்த்தால் உலோகம் மங்கலாகத் தெரிகிற அளவு மெல்லியதாகத் தடவுங்கள். தடிப்பாகப் பூசினால் முட்டாத இடத்திலும் ஒட்டி எல்லாம் சரி என்று பொய் சொல்லும். ஹப்பை நேராகத் தள்ளி, திருப்பாமல் நேராகவே இழுங்கள். திருப்பினால் ஒரு புள்ளி மை முழு வட்டமாகப் பரவும். கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்கள் கேட்கிற அளவு குறைந்தது 70 வீதப் பரப்பு ஒட்ட வேண்டும் என்பது. பலநாள் போட்டுக்கும் அதையே இலக்காக வையுங்கள். ஒட்டாத இடம் இருந்தால் அது மெல்லிய பக்கமாக இருக்கட்டும், தடிச்ச பக்கம் முழு வட்டமும் ஒட்டியே ஆக வேண்டும். சாப்டின் முறுக்கு உள்ளே போகிற இடம் அது.

கடைசித் தேய்ப்புக்குப் பேஸ்ட் பாவிக்கலாம், ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு வரை. கொஞ்சம் திருப்பி, தூக்கி, இடம் மாற்றித் திரும்ப வையுங்கள், ஒரே இடத்தில் உழக்க வேண்டாம். முடிந்ததும் ரெண்டையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பேஸ்ட் துகள் ஒன்றும் மிஞ்சாமல் துடைக்க வேண்டும். பிறகு றிங்குகளை ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் றிங்குகளுக்கு இடைத்தூரம் 48.60, ஒரு பக்கம் 0.1 இங்கே அங்கே.

பூட்டும்போது மெல்லிய நட் முதலில், தடித்த நட் அதற்கு வெளியே. வெளி நட்டை இறுக்கும்போது சுமை அதற்கு மாறிவிடும், ஆகவே கூடுதல் மரை உள்ளது வெளியில் இருப்பதுதான் முறை. பிறகு நட் கழராமல் கொட்டர் பின்னைப் போட்டு வளையுங்கள்.

---

திருக்கடலூர்_போட் எழுதியது:

வட்டு செய்து ஹப் துளையையும் அளந்தாச்சு, 1:12 தான். பிறாக்கட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில பழைய நிலையில 30 மி.மீ இருக்கு, ஏழரை போனாலும் 22 மிஞ்சும். டேப்பர் இணைப்பு உள்ள லேத் ஒன்றில திரும்பக் கடையக் கொடுத்திருக்கு, றிங் ரெண்டையும் சாப்டோட சேர்த்தே கொடுத்து, இடைத்தூரம் 48.60 என்று எழுதியும் கொடுத்திருக்கு. கீ கோட்டுச் சோதனை செய்த பிறகு அளவைப் போடுறன். ஒரு கேள்வி: றிங் ரெண்டையும் இனிமேலும் வைச்சுப் பாவிக்கிறதென்றால் துருப்பிடிக்காமல் எப்படி வைக்கிறது?

---

கிண்ணியா_மெக்கானிக் எழுதியது:

மண்ணெண்ணெயில கழுவி, காய்ஞ்சதும் கிறீஸ் மெல்லிசாப் பூசி, எண்ணெய்க் கடதாசியில சுத்தி மூடி உள்ள டப்பாவில வையுங்க. கடல் காத்துப் படுற இடத்தில வெறும் எண்ணெய் நிக்காது. துளை அளவையும் தடிப்பையும் முகத்தில எழுத்துக் குத்தியால குத்தி விடுங்க, எழுதி ஒட்டினால் கிறீஸில ஊறிப் போயிடும். முட்டுற விளிம்பில துரு ஒரு புள்ளி கண்டாலும் துளையைத் திரும்ப அளக்காமல் பாவிக்காதீங்க.